புதுப்பிப்பு: ஊட்டியின் காலை 6 மணி வெப்பநிலை சரியாக வருகிறது

ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைச் சேவையின் தரவிலிருந்து ஊட்டியின் (11.41, 76.70) காலை 6 மணி வெப்பநிலையை மட்டும் பைத்தானில் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

அது தரும் விடையில் மணிவாரித் தரவு இருக்கும் 'ஹவர்லி' பட்டியல் அல்ல, 'கீ' என்ற பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் டிக்‌ஷனரி. அதனுள் நேரம் ஒரு பட்டியல், வெப்பநிலை இன்னொன்று; நள்ளிரவுக்கு 0 என்று தொடங்கும் வரிசை எண்தான் இரண்டையும் இணைக்கிறது. ஹவர்லிக்கு நேராக [6] போட்டால் 'கீ எரர்' என்ற பிழை வரும். முதலில் வெப்பநிலைக்கான கீ, பிறகுதான் [6].

பெரிய கோளாறு வேறு. டைம்ஸோன் தராவிட்டால் நேரம் கிரீன்விச் கணக்கில் வரும். [6] நமக்குப் பகல் 11.30! உறைபனி பார்க்கும் நிரலுக்கு அது எதற்கும் உதவாது. 'ஏசியா/கொல்கத்தா' சேர்த்ததும் தீர்ந்தது. 7 நாளுக்கு 168 மதிப்புகள் வருவதால், நாளைய காலைக்கு 24 + 6, அதாவது [30].