ஜன்னல் திறந்தும் மாடி அறை புழுங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
மேல்மாடி அறை, ஒரே சுவரில் இரண்டு பெரிய ஜன்னல்கள். நாள் முழுக்கத் திறந்தே வைக்கிறேன், ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் இன்னும் சுடுகிறது, தூக்கமே வருவதில்லை. ஏசி போடாமல் வழி உண்டா?

பதில் 1:
இரண்டும் ஒரே சுவரில் இருப்பதுதான் சிக்கல். வந்த காற்று வெளியே போக வழி வேண்டாமா? ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் அறையின் உயரத்தைப்போல் சுமார் 2.5 மடங்கு ஆழம் வரைதான் காற்று எட்டும், எதிரெதிரே இருந்தால் 5 மடங்கு வரை போகும் என்பது பொதுவான கணக்கு. எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஒரு திறப்பு வையுங்கள். சூடான காற்று லேசானது, மேலேறி அதன் வழியாகப் போய்விடும், அந்த இடத்துக்கு ஜன்னல் வழியாக வெளிக்காற்று தானாக வரும். மெல்லிய காகிதத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்றின் பாதை தெரிந்துவிடும்.

பதில் 2:
முதலில் பகலில் திறப்பதை நிறுத்துங்கள். வெளியே அதிகச் சூடாக இருக்கும்போது திறந்தால், அந்தச் சூட்டைச் சுவரும் கூரையும் குடித்துவைத்து ராத்திரி கக்கும். பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்த பிறகு திறந்து, விடியும்வரை விடுங்கள். அப்புறம், வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும், உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டிப் பெரும்பகுதிச் சூடு அறைக்குள் வந்துவிடும்.

கேட்டவர்:
எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படிதான் இருக்கிறது.

பதில் 1:
சரி, அது இன்னும் நல்லது. படிக்கூண்டின் உச்சியில் ஜன்னல் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள், புகைபோக்கி மாதிரி இழுக்கும்.