கணினி முன் உட்காரவைத்தால் பிள்ளையின் பயம் போய்விடுமா?

வைகைக்கரையான்:
எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் வராமல் தடுக்க, ஹைடெக் லேபில் வாரம் ஒரு பாடவேளை கணினிவழி மனநலப் பயிற்சி. நான் கை தூக்கினேன். நியூசிலாந்தில் ஸ்பார்க்ஸ் என்றொரு கணினி விளையாட்டு இருக்கிறது. ஏழு கட்டங்கள். 'நான் எதற்கும் உதவாதவன்' என்பது போன்ற எண்ணங்களைப் பிள்ளையே சுட்டு வீழ்த்த வேண்டும். 2012இல் 187 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான ஆலோசனைக்கு அது சளைக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஆலோசகருக்கு எங்கே போவது?

மேலூர் டீச்சர்:
ஐயா, அந்த 187 பேரும் ஏற்கெனவே சோர்ந்துபோய் உதவி தேடி வந்தவர்கள். காய்ச்சல்காரனுக்குக் கொடுத்த கஷாயத்தை ஊருக்கே ஊற்றலாமா? எங்கள் லேபில் மூன்று பேருக்கு ஒரு கணினி. பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கும்போது, 'இரவில் தூக்கம் வரவில்லை' என்ற விடையை எந்தப் பிள்ளை அழுத்தும்? போன வருடம் ஒரு பையன் சத்துணவைத் தொடாமல் தட்டைக் கழுவ எடுத்துப்போனான். மூன்று நாள் அதைக் கவனித்த பிறகுதான் அவனைத் தனியே கூப்பிட்டேன். கணினிக்கு அந்தத் தட்டு தெரியுமா?

வைகைக்கரையான்:
கண்டுபிடிப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு. பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆசிரியர்களே பயிற்சி பெற்று, மனத்தை ஒருமுகப்படுத்தும் பாடம் நடத்தினார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமான பாடத்தைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. நேரில் நடத்தினால் போதும் என்பது மந்திரம் அல்ல, டீச்சர்.

புதூர் அம்மா:
டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மகள் ஓர் ஆசிரியையிடம் மனம்விட்டுச் சொன்னது, அன்று மாலையே எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. கணினி அப்படிப் புறம் பேசாது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: வீட்டில் ஒரு பயிற்சியைத் தொடங்கிக் கொடுத்தேன், இரண்டாவது வாரமே அலுத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, 'அடுத்து என்னடி கேட்கிறது?' என்ற நாட்களில் மட்டும் முடித்தாள்.

குன்றத்தான்:
வெளிநாட்டை விடுங்கள். பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைகளின் நலத்துக்கான நிகழ்ச்சியைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில் மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது. ஆசிரியர் நடத்திய இடங்களில் பலனே இல்லை.

மேலூர் டீச்சர்:
சுருக்கென்று குத்துகிறது. ஆனால் ஆச்சரியமில்லை. மதிப்பெண் போடுகிற கையிடம் பிள்ளை எதைச் சொல்லும்? எங்களுக்கும் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, விடைத்தாள், தேர்வுப் பணி போக மிச்சம் இருப்பது பதினைந்து நிமிடம். அப்படியானால் ஆலோசகர் ஒருவரைக் கேளுங்கள், கணினியை அல்ல.

வைகைக்கரையான்:
சம்பளம் யார் தருவது? லேப் கட்டி முடித்து நிற்கிறது.

புதூர் அம்மா:
அதுவரை அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயாவது கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போடுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.

மேலூர் டீச்சர்:
திங்கட்கிழமை எழுதிவிடுகிறேன் அம்மா. ஐயா, நீங்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று பேருக்கு ஒரு கணினி என்பதற்கு ஒரு பதிலோடு வாருங்கள்.