விறைப்பான களிமண்ணில் துளைநீர் அழுத்தம் மைனஸில் வருகிறது: உதவி தேவை

களப்பொறியாளர்: பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு தளத்தில் பீசோகோன் (மண்ணுக்குள் அழுத்தும்போதே மண்ணின் தடையையும், துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தமான துளைநீர் அழுத்தத்தையும் அளக்கும் கூம்புக் கருவி) இறக்கினோம். விறைப்பான களிமண்ணில், 9 மீட்டர் ஆழத்தில், மைனஸ் 40 கிலோபாஸ்கல் காட்டுகிறது. கூம்பை நிறுத்தினால் அழுத்தம் இறங்காமல் ஏறுகிறது. கருவி பழுதா? நாளை அறிக்கை தர வேண்டும்.

மண்ணியல் மாணவி: நீரழுத்தத்தை உணரும் ஃபில்டர் (நுண்துளை வளையம்) கூம்பின் சாய்ந்த முகத்தில் உள்ளதா, தோளுக்குப் (கூம்பின் அகன்ற விளிம்புக்கு) பின்னால் உள்ளதா? நீர்மட்டம் எந்த ஆழத்தில்? எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தீர்கள்?

ஆய்வகத்தார்: ஃபில்டருக்குள் காற்றுதான் புகுந்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள காய்ந்த மண்ணைக் கடக்கும்போதே உறிஞ்சலில் ஃபில்டர் வறண்டுவிடும். முன்துளை இட்டு, நீர் நிரப்பி, அதன் பிறகே கூம்பை இறக்க வேண்டும்.

மூத்தவர்: தம்பி, எதற்கெடுத்தாலும் காற்றைக் குறை சொல்வது பாடத்தைப் பாதியில் மூடியவர்கள் செய்வது. மிகை இறுக்கமுற்ற களிமண் (முன்பு இன்றையதைவிட அதிகச் சுமையைத் தாங்கியது) வெட்டுறும்போது, அதாவது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும்போது, விரிய முற்படுகிறது; அதனால் துளைநீரில் உறிஞ்சல் உண்டாகிறது. முகத்தின் கடும் அழுத்தத்திலிருந்து தோளைத் தாண்டும் மண்ணில் தகைவும் தளர்கிறது. ஆகவே முகத்தில் அழுத்தம் மிக உயர்ந்திருக்கும்போதே தோளில் மைனஸ் வரலாம். நிறுத்தியதும் முகத்தின் அழுத்தம் தோளை நோக்கிப் பரவுவதால் அளவீடு முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பின்னரே இறங்கும்.

ஆய்வகத்தார்: ஐயா, காற்றுள்ள ஃபில்டரும் தாமதமாகவே ஏறும், நேரத்தோடு அழுத்தம் மாறும் வளைவை மட்டும் பார்த்து இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அடியில் தூய மணல் இருந்தால், கூம்பு அதில் நுழைந்ததுமே அளவீடு நிலைநீர் அழுத்தத்துக்கு (அசையாத நிலத்தடி நீர் அந்த ஆழத்தில் தரும் அழுத்தத்துக்கு) திரும்பியதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூத்தவர்: அது சரியான சோதனைதான். ஆனால் வளைவில் பாதி இறக்க நேரத்தை (மிகை அழுத்தம் பாதியாகக் குறையும் நேரத்தை) அப்படியே எடுத்து இறுக்கக் கெழுவை (களிமண் நீரை வெளியேற்றி இறுகும் வேகத்தின் அளவை) கணக்கிடக் கூடாது. உச்சத்தையே தொடக்க நேரமாகக் கொள்ள வேண்டும்.

மண்ணியல் மாணவி: நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து, உச்சத்துக்குப் பிந்தைய நேர்கோட்டைச் சுழி நேரத்துக்கு நீட்டும் முறையும் உண்டே? இரண்டும் தோராயம்தான் என்பதால், இரண்டு விடைகளையும் அறிக்கையில் தருவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

மூத்தவர்: தரலாம். கூம்புத் தடைக்கு (கூம்பு இறங்குவதை மண் எதிர்க்கும் அளவுக்கு) துளைநீர் அழுத்தத்தால் செய்யும் திருத்தம் இங்கே கவலையில்லை. தடை மெகாபாஸ்கலில் இருக்கும்போது 40 கிலோபாஸ்கல் அதை அசைக்காது. துளைநீர் அழுத்த விகிதத்தைக் (மிகை துளைநீர் அழுத்தத்தைக் கூம்புத் தடையோடு ஒப்பிடும் எண்ணை) கொண்டு மண்ணை வகைப்படுத்துவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

களப்பொறியாளர்: ஃபில்டர் தோளுக்குப் பின்னால்; வெற்றிடத்தில் நிறைத்த கிளிசரின்; நீர்மட்டம் 3 மீட்டர். அடி மணலில் அளவீடு உடனே நிலைநீர் அழுத்தத்துக்கு வந்திருக்கிறது. அளவீட்டைச் சில நிமிடங்களிலேயே முடித்துவிட்டதால் உச்சமே பதிவாகவில்லை. நாளை கூம்பை நீண்ட நேரம் நிறுத்தி வைக்கிறோம். அறிக்கைக்கு அவகாசம் கேட்டுள்ளேன். நன்றி.