ஸ்கெட்சப்: ஒரு ஓவியம் மாட்டப் போய்ச் சுவர் முழுக்கக் கிருஷ்ணர், உதவி தேவை

மாடிப்படி:
வணக்கம். நாளை மாலை வாடிக்கையாளருக்கு ஸ்கெட்சப்பில் (வீட்டை 3டியில் வரையும் மென்பொருள்) செய்த ஹால் டிசைனைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு படத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுவர் 14 அடி நீளம், 10 அடி உயரம், குரூப்பாக (பல பரப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) இருக்கிறது. சோபாவுக்கு மேலே அவர்களுடைய பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் வர வேண்டும். வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர், 2 அடிக்கு 3 அடி.

முதலில் குரூப்பைத் திறந்து, இம்போர்ட்டில் டெக்ஸ்ச்சர் (பரப்பின் மேல் பூசும் படம்) என்று கொடுத்து, சுவரின் கீழ் மூலையில் தொடங்கி 2 அடி அகலத்துக்கு இழுத்தேன். பாத்ரூம் டைல்ஸ் மாதிரி வரிசைக்கு 7 கிருஷ்ணர்! மேல் வரிசையில் தாழி மட்டும் இருக்கிறது, தலை இல்லை. அதை அண்டூ செய்துவிட்டு, குரூப்புக்கு வெளியிலிருந்தே பெயின்ட் பக்கெட்டால் பூசினேன். இப்போது ரைட் க்ளிக் செய்தால் டெக்ஸ்ச்சர் என்ற மெனுவே வரவில்லை. கடைசியாக இமேஜ் என்று இறக்கி, எக்ஸ்ப்ளோட் செய்து (சாதாரணப் பரப்பாகப் பிரித்து), சுவரோடு ஒட்டி வைத்தேன். ஆர்பிட் செய்தால் (காட்சியைச் சுற்றித் திருப்பினால்) படமும் சுவரின் வெள்ளையும் மாறி மாறிக் கண்ணடிக்கின்றன. எதைத் தப்பாகச் செய்கிறேன்?

தெருமுனை:
கண்ணடிப்பது கிராபிக்ஸ் டிரைவர் கோளாறாக இருக்கும். அப்டேட் செய்து பாருங்களேன்.

மாடிப்படி:
செய்துவிட்டேன். தம்பி லேப்டாப்பிலும் இதே கதைதான்.

கோணமானி:
டிரைவரை விடுங்கள். படமும் சுவரும் துல்லியமாக ஒரே தளத்தில் இருக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று மென்பொருளுக்கே தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி வரைகிறது. அரை அங்குலம் முன்னால் நகர்த்தினாலே நின்றுவிடும்.

மெனு வராததற்குக் காரணம் வேறு. நீங்கள் பூசியது குரூப்பின் மேல், ஃபேஸின் (அதற்குள் இருக்கும் தனிப் பரப்பு) மேல் இல்லை. அந்த டெக்ஸ்ச்சர் மெனு ஃபேஸுக்குத்தான் உண்டு. டைல்ஸ் ஆனது ஸ்கெட்சப்பின் இயல்பு. ஒரு ஃபேஸில் டெக்ஸ்ச்சரைப் போட்டால் அந்த ஃபேஸ் முடியும்வரை அதையே திரும்பத் திரும்ப நிரப்பும். செங்கல்லுக்கு அது வசதி, சாமி படத்துக்கு இல்லை.

என்னைக் கேட்டால் சுவரைத் தொடவே வேண்டாம். வீட்டில் எப்படி மாட்டுவீர்களோ அப்படியே செய்யுங்கள். 2 அடிக்கு 3 அடி செவ்வகம் ஒன்று வரைந்து, ஆஃப்செட்டில் வெளிப்பக்கம் 2 அங்குலம் சட்டத்துக்கு விடுங்கள். புஷ்/புல்லில் சட்டத்தை ஒன்றரை அங்குலமும், நடுவிலிருக்கிற ஃபேஸை அரை அங்குலமும் முன்னால் இழுங்கள். படம் அந்த நடு ஃபேஸில் மட்டும். எல்லாம் முடிந்தபின் மொத்தத்தையும் ஒரு காம்போனென்ட் (ஒரே பொருளாக நகரும் தொகுப்பு) ஆக்கிவிடுங்கள்.

மாடிப்படி:
அண்ணா, கண்ணடிப்பது நின்றுவிட்டது! ஆனால் போட்டோவை நான் சோபாவில் ஏறி நின்று போனில் எடுத்தேன், கோணலாக இருக்கிறது. பழைய சட்டமும் ஓரத்தில் தெரிகிறது. அதோடு ஓவியத்தின் முகம் மங்கல்.

கோணமானி:
கோணலுக்குப் போட்டோஷாப் தேவையில்லை. படம் இருக்கிற ஃபேஸில் ரைட் க்ளிக், டெக்ஸ்ச்சர், பொசிஷன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு பின் (குண்டூசி) வரும். மறுபடி ரைட் க்ளிக் செய்து ஃபிக்ஸ்டு பின்ஸ் என்பதில் டிக்கை எடுங்கள். இனி ஒரு பின்னை ஒருமுறை க்ளிக் செய்தால் கையோடு வந்துவிடும். அதை ஓவியத்தின் மூலையில், பழைய சட்டத்துக்கு உள்ளே குத்துங்கள். அப்புறம் அதே பின்னை அழுத்திப் பிடித்து இழுத்து, உங்கள் செவ்வகத்தின் மூலையில் விடுங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்தால் படம் நிமிர்ந்து நிற்கும், பழைய சட்டமும் வெளியே போய்விடும். என்டர் தட்டி முடியுங்கள். பிறகு ரைட் க்ளிக்கில் மேக் யூனிக் டெக்ஸ்ச்சர் கொடுத்தால், தெரிகிற பகுதி மட்டும் தனி டெக்ஸ்ச்சர் ஆகும்.

மங்கலுக்கு: ப்ரிஃபரன்சஸில் கிராபிக்ஸ் பகுதியில் (பழைய பதிப்பென்றால் ஓப்பன்ஜிஎல்) யூஸ் மேக்சிமம் டெக்ஸ்ச்சர் சைஸ் என்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். இந்த ஒரு படத்துக்குப் பரவாயில்லை. வீட்டிலிருக்கிற எல்லாப் போட்டோவையும் போன் அளவிலேயே இறக்கினால் ஃபைல் நகராது, படங்கள் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே போய் உட்காரும்.

தெருமுனை:
என் பங்குக்கு ஒன்று. ஓவியத்தில் ஒட்டியிருக்கிற தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) வெறும் மஞ்சள் பெயின்ட் மாதிரி தெரியுமே, 2025 பதிப்பில் மெட்டல்னெஸ் (உலோகம் போலக் காட்டும் வசதி) வந்திருக்கிறதே?

கோணமானி:
வந்திருக்கிறது. அப்படியே ஏற்றிவிட்டால் கிருஷ்ணரும் பித்தளை ஆகிவிடுவார். ரேக்கு இருக்கிற இடம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்று அதே அளவில் இன்னொரு படம் தயார் செய்து மெட்டல்னெஸில் கொடுக்க வேண்டும். அரைநாள் வேலை. நாளைக்கே காட்ட வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

மாடிப்படி:
விட்டுவிட்டேன். பின்களை இழுக்கிற வேலைக்கு மூன்று தடவை முயன்றேன், நான்காவதில் படிந்தது. படத்தின் நடு தரையிலிருந்து 58 அங்குலம் வருகிற மாதிரி வைத்தேன். சட்டத்தின் கீழ் விளிம்பு 38 அங்குலத்தில், சோபா முதுகு 34. நடுவே 4 அங்குலம்தான். சாய்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்குமோ?

கோணமானி:
இடிக்கும். இன்னும் 4 அங்குலம் ஏற்றுங்கள்.