வட்ட மேசையில் நான்கு தம்பதியர்: விளக்க வழி தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர (A/L) மாணவர் சிலருக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வட்ட மேசையில் எட்டுப் பேர் அமரும்போது, குறித்த மூவரில் எவரும் அடுத்தடுத்து வராத நிகழ்தகவை உடனே கண்டுவிடுகிறார்கள்: மற்ற ஐவரை 24 விதமாக அமர்த்தி, ஐந்து இடைவெளிகளில் மூவரை 60 விதமாகப் புகுத்தினால் 1440; அதை எட்டுப் பேரும் அமரக்கூடிய மொத்த விதங்களான 5040ஆல் (7!) வகுக்க 2/7.

நான்கு தம்பதியரில் எந்தக் கணவனும் மனைவியும் பக்கத்தில் அமராத கணக்கில்தான் திணறுகிறார்கள். மொத்தத்திலிருந்து ஒவ்வொரு தம்பதியும் சேர்ந்திருக்கும் விதங்களைக் கழித்து, இரண்டிரண்டு தம்பதியர் சேர்ந்திருப்பவற்றைக் கூட்டி, இப்படியே மாறிமாறிப் போனால் 5040 − 5760 + 2880 − 768 + 96 = 1488, ஆகவே நிகழ்தகவு 31/105. மொத்தத்தைவிடக் கூடுதலாகக் கழிபடும் அந்த 5760தான் அவர்களை மிரட்டுகிறது, நியாயமான மிரட்சி. கழித்ததை ஏன் மறுபடி கூட்டுகிறோம் என்பது மனத்தில் பதியவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

படம் வரைந்தோ, இரண்டு தம்பதியரில் தொடங்கியோ இதை விளங்கவைத்த ஆசிரியர்மார் தயவுசெய்து வழி சொல்லுங்கள். தமிழ்மொழிமூலப் பயிற்சிக் கணக்குகள் இருந்தாலும் பகிருங்கள்.