காலில எடுத்த நரம்பு எவ்வளவு காலம் தாங்கும்?

மல்லாவிப் பிள்ளை:
அப்பாவுக்குக் கொழும்பில பெருநாடியின்ர வீங்கின பகுதியை வெட்டி, செயற்கைக் குழாய் வைச்சு, அதோட இதயத்து நாடியில இருந்த அடைப்பைச் சுத்தி ரத்தம் போக பைபாசும் செய்தவை. அதுக்குக் காலில எடுத்த நரம்பின்ர, அதாவது ரத்தநாளத்தின்ர, ஒரு நுனியை அந்தத் துணிக்குழாயிலயே தைச்சதாம். அடைபடாதோ? ஆள் இப்பவே வயலுக்கு வெளிக்கிட்டு நிக்கிறார்.

கிளிநொச்சித் தாதி:
தங்கச்சி, டேக்ரன் எண்ட அந்தத் துணிக்குழாயில தைக்கிறது வழமைதான். முதல் மாதத்தில அடைபட்டா பெரும்பாலும் ரத்தக்கட்டி. பிறகு உள்சுவர் தடிக்கும், வருசக்கணக்கில கொழுப்புப் படியும். கால் நாளங்களில பாதியளவு 10 வருசத்தில அடைபடலாம் எண்டுதான் பழைய கணக்கு. நெஞ்சுக்குள்ள இருந்து எடுக்கிற நாடியெண்டா 10இல 9 திறந்திருக்கும். அந்த நாடியைத்தான் 'லீமா' எண்டு எழுதுறவை, ஆஸ்பத்திரித் துண்டில இருக்கோ பாருங்கோ. அஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் குளிசையையும் டொக்டரைக் கேக்காமல் நிப்பாட்டக் கூடாது. இதயத்தில உலோக வால்வும் போட்டிருந்தா ரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் குளிசை, அது வேற கதை.

மாங்குளத்தான்:
பைபாசுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு பரவாயில்லை, நரம்பு எடுத்த கால்தான் கனநாள் வீங்கிக் கிடந்தது. நெஞ்செலும்பு பொருந்த 2, 3 மாதம் வேணும், மண்வெட்டியைக் குடுக்காதேங்கோ. வரம்பில நடக்கட்டும். பீடி இருந்தா முதல்ல அதைப் பறியுங்கோ.

மல்லாவிப் பிள்ளை:
லீமா ஒண்டு, கால் நரம்பு ரெண்டு எண்டு இருக்கு அக்கா. வால்வு மாத்தேல்லை. பீடிக்கட்டை ஒளிச்சிட்டன், மனுசன் கூரைக்குள்ள தேடுறார்.