மைட்ரல் வால்வு சுருக்கம்: எக்கோ அறிக்கையில் எதைப் பார்ப்பது, பலூன் யாருக்கு?

கேள்வி:
இதய வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களுக்கு வகுப்பு எடுக்க ஒரு மாதிரி எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கை: 29 வயதுப் பெண், உயரம் 156 செ.மீ., ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வருவது) மைட்ரல் வால்வில் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருக்கம், வால்வுப் பரப்பு 0.9 சதுர செ.மீ., சராசரி கிரேடியன்ட் (வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம்) 14 மி.மீ. பாதரசம், நாடித்துடிப்பு 96, வில்கின்ஸ் ஸ்கோர் (வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற எக்கோ மதிப்பெண்) 7, கசிவு மிகக் குறைவு. மூன்று சந்தேகங்கள். சும்மா இருக்கும்போது மூச்சு வாங்காதவருக்கு, காய்ச்சல் வந்தாலோ கர்ப்பமானாலோ ஏன் திடீரென்று திணறுகிறது? பலூன் போடும்போது உள்ளே எது விரிகிறது? அதற்கப்புறம் பென்சிலின் ஊசியை நிறுத்தலாமா?

பதில் 1:
வால்வு தானாகத் திறந்து மூடுவதில்லை என்பதிலிருந்து வகுப்பைத் தொடங்குங்கள். இரண்டு பக்கத்து அழுத்த வித்தியாசம்தான் இதழ்களைத் தள்ளுகிறது. மைட்ரலுக்கு இதழ் இரண்டு, மற்ற மூன்று வால்வுகளுக்கும் மும்மூன்று. கீழறை சுருங்கும்போது மைட்ரல் இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் மெல்லிய நாண்கள் இழுத்துப் பிடிக்கின்றன. நாண் அறுந்தால் கசிவு. ருமாட்டிக் நோயில் பெரும்பாலும் நடப்பது வேறு: இதழ்கள் சந்திக்கும் இரண்டு மூலைகளும் ஒட்டிக்கொண்டு, நடுவில் பொத்தான் துளை அளவுக்குத்தான் வழி மிஞ்சுகிறது. இயல்பான பரப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. 1.5-க்குக் கீழே வந்தாலே தீவிரம். 0.9 மிகத் தீவிரம்.

திணறலுக்குக் காரணம் நேரம். இந்த வால்வு வழியாக ரத்தம் இறங்குவது டயஸ்டோலில் (கீழறை தளரும் நேரம்) மட்டும். துடிப்பு 60 என்றால் ஒரு சுற்றுக்கு 1 நொடி, 120 என்றால் அரை நொடி. அதில் சிஸ்டோல் (கீழறை சுருங்கும் நேரம்) அதிகம் குறையாது, வெட்டு விழுவது டயஸ்டோலுக்குத்தான். அதே ரத்தம் குறைந்த நேரத்தில் இறங்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் கிரேடியன்ட் நான்கு மடங்காகும். அந்த அழுத்தம் அப்படியே பின்னால் நுரையீரலுக்கு ஏறும். காய்ச்சலில் துடிப்பு கூடுகிறது; கர்ப்பத்தில் ரத்த அளவும் கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான், துளையை அது பெரிதாக்காது. கிரேடியன்ட் எழுதும்போது பக்கத்தில் துடிப்பையும் எழுதச் சொல்லிக்கொடுங்கள். 96-இல் 14 வேறு, 65-இல் 14 வேறு. இரண்டாவதுதான் மோசம்.

பதில் 2:
பலூன் பற்றி. தொடைச் சிரை (ரத்தக்குழாய்) வழியாக வலது மேலறைக்குப் போய், இடைச்சுவரைத் துளைத்து, இடது மேலறையிலிருந்து வால்வுக்குள் இறங்குவார்கள். விரிவது வளையமும் அல்ல, இதழும் அல்ல. ஒட்டிய மூலைகள்தான் பிரிகின்றன. இதற்குப் பயன்படும் இனூவே பலூனின் அளவுக் கணக்கு எளிது: உயரத்தைப் பத்தால் வகுத்து 10 கூட்டினால் மி.மீ. இவருக்கு 25.6, அதாவது 26. எடுத்த எடுப்பில் 26 வரை ஊதக்கூடாது. இரண்டு மி.மீ. குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எக்கோவில் பார்த்தபடி ஏற்ற வேண்டும். பரப்பு 1.5 தாண்டினாலோ, கசிவு கூடினாலோ அங்கேயே நிறுத்தம். இதழ் கிழிந்து கடுமையான கசிவு வந்தால் அவசர அறுவை சிகிச்சைதான்.

வில்கின்ஸ் ஸ்கோர் 8 வரை சாதகம் என்பார்கள். ஆனால் அதில் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, இதழுக்குக் கீழுள்ள நாண்களின் நிலை என்று நான்குதான் உண்டு; மூலைகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பது தனியாக வராது. மூலை கல்லாகிவிட்டால் அது பிரியாது, பக்கத்து இதழ்தான் கிழியும். ஸ்கோர் 7 என்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த அறிக்கையில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது: இடது மேலறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா? மேலறையின் காது போன்ற பையில் இருக்கும் கட்டி நெஞ்சு வழி எக்கோவில் தப்பிவிடும். உணவுக்குழாய் வழி எக்கோ எடுத்துப் பார்க்காமல் பலூன் கூடாது.

பதில் 3:
பென்சிலினை நிறுத்தக்கூடாது. பலூன் துளையைத்தான் சரிசெய்கிறது. தொண்டையில் மறுபடி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்தால் இதழ்கள் மறுபடி வீங்கித் தழும்பாகும். பென்சதீன் பென்சிலின் 12 லட்சம் யூனிட், 3 வாரத்துக்கு ஒருமுறை தசையில். வால்வு பாதிப்பு இருப்பவருக்குக் கடைசிக் காய்ச்சலிலிருந்து 10 ஆண்டு, அல்லது 40 வயது வரை, எது பிந்தியதோ அதுவரை. சிலருக்கு ஆயுள் முழுக்க.

துடிப்பு ஒழுங்கு தவறி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவீடு) 2 முதல் 3. ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளுக்கு மாற்றிக் கேட்பார்கள். ருமாட்டிக் நோயாளிகளிடம் அப்படியொரு புதிய மாத்திரையான ரிவரோக்சபானை ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வில் (2022) வார்ஃபரின் போன்ற பழைய மருந்துக் குழுவில்தான் இறப்பு குறைவு. கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை அறவே விடச் சொல்லாதீர்கள். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவைக் கடைப்பிடிக்கச் சொன்னால் போதும். கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும், முதல் மூன்று மாதத்தில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

பதில் 4:
ஒரு சேர்க்கை. 0.9 எப்படி அளந்தது என்று கேளுங்கள். 220-ஐ பிரஷர் ஹாஃப் டைமால் (கிரேடியன்ட் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், மில்லி நொடியில்) வகுத்து வந்ததா, துளையின் ஓரத்தை நேரடியாக வரைந்து அளந்ததா? பலூன் போட்ட ஓரிரு நாளுக்கு முதல் கணக்கு பொய் சொல்லும், ஏனென்றால் மேலறை அழுத்தம் திடீரென்று மாறியிருக்கும். அப்போது வரைந்து அளந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும்.